கறுப்புக் கண்ணாடி: நிழலா, திரையா?

(காரின் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டலாமா என்பது குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். கிள்ளானில் வீடும் கோலாலம்பூரில் வேலையும் கொண்டவர்களுக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டரசு நெடுஞ்சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் கிள்ளானிலிருந்து தலைநகரை நோக்கிப் புறப்பட்டால் உதிக்கும் சூரியன் முகத்துக்கு முன்னே நிற்கும். மாலையில் வீடு திரும்பினால் மறையும் சூரியனும் முகத்துக்கு முன்னே நிற்கும். போகும்போதும் வெயில், வரும்போதும் வெயில். இடைப்பட்ட எட்டு மணி நேரமும் கார் திறந்தவெளியில் வெந்துகொண்டிருக்கும். மாலையில் கதவைத் திறந்தால் அடுப்புக்கு முன் நிற்பது போல் அனல் அடிக்கும்.

ஆகவே, புதுக் கார் எடுத்தவர்கள் முதலில் போவது கோயிலுக்கு. அடுத்துப் போவது கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டும் கடைக்கு. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கிய கையோடு, "தின்டட் ஒட்ட எவ்வளவு?" என்ற விசாரிப்பு தொடங்கிவிடுகிறது. எவ்வளவு என்று கேட்பவர்கள், எது, எங்கே, எதற்காக என்று கேட்பதில்லை. இன்றைய உரை அந்த மூன்று கேள்விகளைப் பற்றியது.

ஒரு வீட்டு வாக்குவாதம்

கிள்ளானில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தந்தை கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் தலைநகரில் ஒரு மருத்துவமனையில் தாதி. மாதத் தவணையில் சிறிய பெரோடுவா கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். நான்கு பக்கமும் கன்னங்கரேலென்று தாள் ஒட்ட வேண்டும் என்பது மகளின் விருப்பம். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை.

"அப்பா, வேலை முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்குத் தனியா வர்றேன். உள்ளே ஒரு பொண்ணு மட்டும்தான் இருக்கான்னு வெளியே நிக்கிறவனுக்குத் தெரிய வேண்டாம்னுதான் சொல்றேன்."

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அதே ராத்திரியில மழை கொட்டும்போது, வெளியே நிக்கிறவனை உனக்குத் தெரியணுமே?"

சமையற்கட்டிலிருந்து தாயார் குரல் கொடுக்கிறார்: "ரெண்டு பேரும் சண்டை போடுறத விட்டுட்டு, முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

மகள் சொல்வதும் நியாயம். தந்தை சொல்வதும் நியாயம். மகள் கேட்பது பிறர் பார்வையிலிருந்து பாதுகாப்பு. தந்தை கேட்பது தன் மகளின் பார்வைக்குப் பாதுகாப்பு. ஒரே கண்ணாடி இரண்டையும் தருமா என்பதுதான் கேள்வி. தாயார் சொன்னபடி சட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

சட்டம் வகுத்த எல்லை

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் உள்ளது. அதன் கீழ் வாகனக் கண்ணாடிகளுக்கான விதிகள் 1991இல் வகுக்கப்பட்டன. கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்று சட்டம் கேட்பதில்லை. வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் எத்தனை விழுக்காட்டை அது உள்ளே விடுகிறது என்றுதான் கேட்கிறது. எண் கூடினால் கண்ணாடி தெளிவு. எண் குறைந்தால் கறுப்பு. இந்த எண்ணைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கடையில் பேரம் பேசுவோர் பலர்.

பின்பக்கக் கண்ணாடிகளுக்கான வரம்பு 2016இல் 30 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. அதன்பின் 2019 மே மாதத்தில், போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் புதிய விதிகளை அறிவித்தார். அதன்படி, முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். ஓட்டுநரின் பக்கமும் அவருக்கு அடுத்த இருக்கையின் பக்கமும் உள்ள கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காடு விட வேண்டும். பின்னிருக்கைப் பக்கக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் வரம்பு நீக்கப்பட்டது. அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் கறுப்பாக்கலாம்.

முன்பகுதியையும் கறுப்பாக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. விண்ணப்பக் கட்டணம் 50 வெள்ளி. அனுமதி கிடைத்தால் ஈராண்டுக்கு 5,000 வெள்ளி. பணம் படைத்தவருக்கு மட்டும்தான் பாதுகாப்பா என்ற குறைகூறல் அப்போதே எழுந்தது. தாதி வேலை பார்க்கும் பெண்ணுக்கு 5,000 வெள்ளி சிறிய தொகையன்று. முன்கண்ணாடி கறுப்பாக இருப்பது ஆபத்து என்றால் அதை ஏன் விற்க வேண்டும்? ஆபத்தில்லை என்றால் ஏன் தடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு முழுமையான விடை கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. எனினும் பெரும்பாலோருக்கு உரிய எல்லை 70, 50 என்ற இரண்டு எண்கள்தாம்.

மீறினால் முதல் குற்றத்துக்கு 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை விதிக்கப்படலாம். மீண்டும் மீண்டும் மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். தாள் ஒட்டிய கடைக்காரர் நீதிமன்றத்துக்கு வரமாட்டார். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வர வேண்டும்.

கணக்கில் ஏமாறும் இடம்

இங்கே பலரும் தவறுகிற ஒரு கணக்கு உண்டு. "70 விழுக்காட்டுத் தாள், சட்டத்துக்கு உட்பட்டது" என்று கடையில் சொல்வார்கள். ஆனால் சட்டம் தாளை மட்டும் அளப்பதில்லை. தாளும் கண்ணாடியும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சம் விடுகின்றன என்றே அளக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் வெறுங்கண்ணாடியும் முழு வெளிச்சத்தை விடுவதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு காரின் முன்கண்ணாடி 78 விழுக்காடு வெளிச்சம் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 70 விழுக்காட்டுத் தாளை ஒட்டினால் கிடைப்பது 70 அன்று. ஏறக்குறைய 55 விழுக்காடுதான். அது சட்ட மீறல். அந்தக் கண்ணாடியில் 70ஐக் காக்க வேண்டுமானால் தாள் 90 விழுக்காடு வெளிச்சம் விடுவதாக இருக்க வேண்டும். பார்த்தால் தாள் ஒட்டியதே தெரியாது. பக்கக் கண்ணாடியிலும் இதே கணக்குத்தான். 80 விழுக்காடு விடும் கண்ணாடியில் 60 விழுக்காட்டுத் தாள் ஒட்டினால் 48 விழுக்காடு. இரண்டு விழுக்காட்டில் சம்மன் வந்து சேரும்.

ஒட்டுவதற்கு முன் வெறுங்கண்ணாடியையும், ஒட்டிய பின் இரண்டையும் சேர்த்தும் கருவியால் அளந்து காட்டும்படி கேளுங்கள். அளந்து காட்டத் தயங்கும் கடையில் காரை விடாமலிருப்பது நல்லது.

கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

'அப்படியானால் தெளிவான தாளை ஒட்டி என்ன பயன்? வெயில் அடிக்குமே!' என்று நேயர்கள் நினைக்கலாம். இங்கேதான் பலரின் எண்ணம் தடம் மாறுகிறது. கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்பது பழைய நம்பிக்கை. வெயிலில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும்.

நம்மை வந்தடையும் சூரிய ஆற்றலைத் தோராயமாக நூறு பங்காகப் பிரித்தால், ஐந்து பங்கு அல்லது அதற்கும் குறைவானது புற ஊதாக் கதிர். நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட பங்கு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். மீதமுள்ள ஏறக்குறைய பாதி அகச்சிவப்புக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது. தோலில் மட்டும் சூடாக உறைக்கும். கறுப்புச் சாயம் பூசிய மலிவான தாள் தடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை. அகச்சிவப்பில் பெரும்பகுதி அதைக் கடந்து உள்ளே வந்துவிடும். உள்ளே இருட்டாக இருக்கும். ஆனால் சூடு குறையாது. மாறாக, பீங்கான் நுண்துகள் கலந்த 'செராமிக்' வகைத் தாள், வெளிச்சத்தை விட்டுவிட்டு அகச்சிவப்பைப் பெருமளவு தடுக்க வல்லது. தோற்றத்தில் தெளிவாக இருக்கும் தாள், கன்னங்கரேலென்ற தாளைவிடக் குளிர்ச்சி தருவது இதனால்தான்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கவும் கறுப்பு தேவையில்லை. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு நெகிழிப் படலம் வைத்து ஒட்டப்பட்டது. அந்தப் படலமே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகள் பொதுவாக ஒற்றைக் கண்ணாடிகள். தோலில் ஆழமாக இறங்கும் 'ஏ' வகைப் புற ஊதாக் கதிர் அவற்றின் வழியே கணிசமாக உள்ளே வரும். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் 2012இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. சன்னல் பக்கம் இருந்த அவருடைய இடக்கன்னம் மட்டும் பல ஆண்டு மூப்படைந்து, சுருங்கி, தடித்திருந்தது. மறுகன்னம் அப்படி இல்லை.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய நம் தந்தையின் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலக்கை கூடுதலாகக் கறுத்திருக்கும். அவருக்கும் இது தெரியும். பக்கக் கண்ணாடிக்குத் தாளே வேண்டாம் என்று அவரும் சொல்லமாட்டார். புற ஊதாக் கதிரில் 99 விழுக்காட்டைத் தடுக்கும் தெளிவான தாள்களும் கடைகளில் கிடைக்கின்றன.

இரவும் மழையும்

பகலில் கண்ணாடி கறுப்பாக இருப்பது பெரிதாகத் தெரியாது. வெளியே வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. அதில் பாதி வந்தாலும் போதும். சோதனை இரவில் வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை பெய்து ஓய்ந்த சாலையை நினைத்துப் பாருங்கள். தார்ச்சாலையில் விளக்குகள் பிரதிபலிக்கின்றன. சாலைக்கோடு மறைந்துவிடுகிறது. கறுப்பு மழைச்சட்டை அணிந்த மோட்டார் சைக்கிளோட்டி இடப்பக்கமாக வருகிறார். அவரைக் காட்ட வேண்டியது பக்கவாட்டில் உள்ள சிறிய கண்ணாடி. ஆனால் அந்தச் சிறிய கண்ணாடியை ஓட்டுநர் எதன் வழியாகப் பார்க்கிறார்? முன்பக்கச் சன்னல் வழியாகத்தான். சன்னலைக் கறுப்பாக்கினால் பக்கவாட்டுக் கண்ணாடியும் சேர்ந்து கறுப்பாகிறது.

நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடப்பட்டதே இந்த வேதனையின் காரணமாகத்தான். ஆனால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் அந்தத் தனிப்பாதை முடிந்துவிடுகிறது. சாலைச் சந்திப்பில் மோட்டார் சைக்கிளோட்டி முதலில் தேடுவது கார் ஓட்டுநரின் முகத்தை. அவர் தன்னைப் பார்த்துவிட்டாரா, வழி விடுவாரா என்று முகத்தைக் கொண்டே முடிவு செய்கிறார். முகம் தெரியாத காரோடு எப்படிப் பேசுவது?

பிரிக்பீல்ட்ஸில் இது இன்னும் முக்கியம். ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே சாலையைக் கடப்போர் கூட்டம் எப்போதும் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. வெள்ளைக்கோலை ஊன்றி, நடைபாதையில் பதித்த மஞ்சள் கற்களைத் தடவி நடப்பவர்களை அங்கே அன்றாடம் காணலாம். அவர்களால் காரைப் பார்க்க முடியாது. ஓட்டுநரின் கண்தான் அவர்களுக்கும் கண். அந்தக் கண்ணை மறைக்கும் உரிமை ஓட்டுநருக்கு மட்டும் சொந்தமானதன்று.

வயதையும் கருத வேண்டும். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது; கண்ணின் வில்லையும் மங்குகிறது. அறுபது வயதுக் கண்ணின் உள்ளே சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பது கண் மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. மகள் ஓட்டும் காரை வார இறுதியில் தந்தையும் ஓட்டுவார். மகளுக்குப் போதுமான வெளிச்சம் தந்தைக்குப் போதாது. வீட்டில் எத்தனை பேர் அந்தக் காரை ஓட்டுகிறார்களோ, அவர்களில் மூத்தவரின் கண்ணுக்கு ஏற்பத்தான் தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இருட்டு யாருக்குப் பாதுகாப்பு?

இனி மகளின் அச்சத்துக்கு வரவேண்டும். அது வீண் அச்சமன்று. சிவப்பு விளக்கில் நிற்கும் காரின் கண்ணாடியை உடைத்துக் கைப்பையைப் பறித்துச் செல்லும் சம்பவங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தவையே. 'கறுப்புத் தாள் இருந்தால் பை தெரியாதே' என்பது இயல்பான எண்ணம்.

ஆனால் இருட்டு யார் பக்கமும் சேராது. உள்ளே இருப்பவர் யாரென்று திருடனுக்குத் தெரியாதபோது, உள்ளே ஏதேனும் விபரீதம் நடந்தால் வழியே போகும் நல்லவருக்கும் தெரியாது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27ஆம் நாள், கார்க் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதையே தடை செய்தது. கறுப்புக் கண்ணாடிக் கார்கள் குற்றச் செயல்களுக்குத் துணையாகின்றன என்பது வழக்கில் முன்வைக்கப்பட்ட முக்கியக் காரணம். சென்னையிலும் மற்ற நகரங்களிலும் போலீசார் சாலையோரத்தில் கார்களை நிறுத்தித் தாளைக் கிழித்தெடுத்தனர். அதே ஆண்டு டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கொடூரமாகத் தாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். அதன்பின் கறுப்புத் தாளும் திரையும் உள்ள பேருந்துகள் மீது நடவடிக்கை இறுகியது.

பின்னர் அங்கே விதிகள் திருத்தப்பட்டன. 2024இல் கேரள உயர் நீதிமன்றம், வெளிச்ச அளவுக்கு உட்பட்ட தாளை ஒட்டலாம் என்று தீர்ப்பளித்தது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் முன்கண்ணாடிக்கும் முன்பக்கச் சன்னல்களுக்கும் 70 விழுக்காடு, பின்பகுதிக்கு 25 விழுக்காடு என்பது விதி. ஒவ்வொரு நாடும் ஒவ்வோர் எண்ணை வைத்திருக்கிறது. ஆனால் ஓட்டுநரின் முன்னும் பக்கமும் தெளிவு வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள்.

அப்படியானால் மகளுக்கு என்ன வழி? கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைக்காமல், புறப்படும் முன்பே பின்புறப் பொருள் வைப்பிடத்தில் வைத்துவிடுவது ஒரு வழி. இதற்குப் பணம் தேவையில்லை. உள்ளே ஏறியவுடன் கதவுகளைப் பூட்டுவது இரண்டாவது வழி. பாதுகாப்புத் தாள் என்று ஒருவகை உண்டு. அது சாதாரணத் தாளைவிடப் பலமடங்கு தடிமனானது. கண்ணாடி உடைந்தாலும் சில்லுகளைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே அடியில் கையை உள்ளே விட முடியாது. அந்தச் சில நொடிகளில் காரை நகர்த்திவிடலாம். அது தெளிவான நிறத்திலும் கிடைக்கிறது. பறிப்பவனைத் தடுப்பது தாளின் தடிமன், கறுப்பு அன்று.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கார் வெள்ளத்தில் சிக்கினால் கண்ணாடியை உடைத்து வெளியேற வேண்டிவரும். உடைப்பவனைத் தடுக்கும் தடித்த தாள், உள்ளே இருப்பவர் வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். கண்ணாடி நொறுங்கினாலும் அது தாளோடு ஒட்டி நிற்கும்; காலால் உதைத்துத் தள்ள வேண்டியிருக்கும். எனவே தண்ணீர் ஏறத் தொடங்கியதும், மின்சாரம் நிற்கும் முன்பே சன்னலை இறக்கிவிடுவதே முதல் பாடம். வீட்டில் உள்ள அனைவருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

பின்னிருக்கையில் ஒரு குழந்தை

பின்பகுதிக்கு வரம்பில்லை என்று சட்டம் சொல்கிறது. அதனால் முழுக் கறுப்பு ஒட்டிவிடலாமா? ஒட்டலாம். ஆனால் பின்னிருக்கையில் யார் அமர்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பெற்றோர் வேலை அவசரத்தில் குழந்தையைக் காரிலேயே மறந்துவிட்டுச் செல்லும் துயரங்கள் அண்மைய ஆண்டுகளில் நம் நாட்டிலும் நடந்துள்ளன. பாசமில்லாதவர்கள் செய்கிற காரியமன்று அது. தூக்கமின்மையும் வழக்கம் மாறுவதும் யாரையும் தடுமாறச் செய்யும். அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் வெப்பம் உயர்ந்தது. அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. சன்னலைச் சிறிது திறந்து வைத்ததும் பெரிதாக உதவவில்லை.

எந்தத் தாளும் இதைத் தடுக்காது. நல்ல தாள் வெப்பம் ஏறுவதைக் குறைக்கும், தாமதப்படுத்தும், நின்றுவிடச் செய்யாது. 'நல்ல தாள்தானே, ஐந்து நிமிடம் பிள்ளை உள்ளே இருக்கட்டும்' என்ற துணிச்சல் வரக்கூடாது. முழுக் கறுப்பில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நிறுத்துமிடத்தில் அந்தப் பக்கம் நடந்து செல்பவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தால் குழந்தை தெரியுமா? அந்த ஒரு பார்வையால் பிழைக்க வேண்டிய உயிராகவும் அது இருக்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் பின்சன்னலுக்கு மிதமான தாளே போதும். இறங்கும்போது பின்கதவைத் திறந்து பார்க்கும் பழக்கத்துக்காக, கைப்பையையோ அடையாள அட்டையையோ குழந்தையின் பக்கத்திலேயே வைப்பது எளிய வழி.

கடையில் கேட்க வேண்டியவை

தாள் ஒட்டுவது என்று முடிவு செய்தவர்கள் சிலவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

முதலாவது, மொத்த வெப்பத்தில் எவ்வளவு தடுக்கும் என்ற எண். கடைகளில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் எண். 95 விழுக்காடு என்று அதைப் படித்ததும் வெயிலில் 95 விழுக்காடு போய்விடும் என்று நினைத்தால் ஏமாற்றமே. அகச்சிவப்பு வெயிலில் ஏறக்குறைய பாதிதான். அதிலும் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியை மட்டும் அளந்து போட்ட எண்ணாகவும் அது இருக்கலாம். மொத்தச் சூரிய ஆற்றல் தடுப்பு என்ற எண்ணையே கேளுங்கள்.

இரண்டாவது, விளக்குப் பரிசோதனை. சூடான விளக்குக்கு முன் தாளைப் பிடித்து, 'கையை வைத்துப் பாருங்கள், சூடே இல்லை' என்று காட்டுவார்கள். அந்த விளக்கு உமிழ்வது பெரும்பாலும் அகச்சிவப்பு. சூரியன் அப்படியன்று. விளக்கில் வெற்றி பெற்ற தாள் வெயிலில் அதே அளவு வெற்றி பெறும் என்று சொல்ல முடியாது. காரை வெளியே வெயிலில் நிறுத்தி, தாள் ஒட்டிய சன்னலுக்கும் ஒட்டாத சன்னலுக்கும் அருகில் கை வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

மூன்றாவது, தாளில் உலோகம் கலந்திருக்கிறதா என்பது. உலோகத் தாள் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் கைத்தொலைபேசி அலையையும் வழிகாட்டிக் கருவியின் அலையையும் அது மந்தப்படுத்தலாம். முன்கண்ணாடியில் ஒட்டிய டோல் கட்டண வில்லையையும் படிக்க விடாமல் செய்யலாம். பழைய ஸ்மார்ட் டேக் கருவி அகச்சிவப்பால் டோல் சாவடியோடு பேசுவது. அகச்சிவப்பைத் தடுக்கும் தாள் அதற்கும் தடைதான். சாவடியில் தடுப்பு திறக்காமல் நிற்க, பின்னால் பத்துக் கார்கள் ஹாரன் அடித்த அனுபவம் பலருக்கு உண்டு.

நான்காவது, உத்தரவாதம். மலிவான சாயத் தாள் ஓரிரு ஆண்டில் ஊதா நிறமாக வெளுக்கும், குமிழ் விடும். அதைப் பிய்த்தெடுக்கும்போது பின்கண்ணாடியில் பனிநீரை நீக்கும் மெல்லிய கம்பிகள் அறுந்துபோகலாம். சில நூறு வெள்ளியிலிருந்து சில ஆயிரம் வெள்ளி வரை விலை இருக்கிறது. பணம் கட்டுப்படியாகாவிட்டால் மலிவான தாளை நான்கு பக்கமும் ஒட்டுவதைவிட, நல்ல தாளை முன்கண்ணாடிக்கும் முன்சன்னல்களுக்கும் மட்டும் ஒட்டலாம். வெயில் அதிகம் நுழைவதும், ஓட்டுநர் அமர்வதும் அங்கேதான்.

தாளை நம்பி மற்ற வழிகளை விட்டுவிடவும் கூடாது. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குள் மடிப்பு மறைப்பை விரித்து வையுங்கள். ஏறும்போது சன்னல்களை இறக்கி, அனலை வெளியேற்றிய பின் குளிர்சாதனத்தைப் போடுங்கள். தாள் செய்கிற வேலையில் ஒரு பகுதியைச் சில வெள்ளி அட்டையே செய்துவிடும்.

முடிவாக

அந்தக் கிள்ளான் வீட்டுக்கே திரும்புவோம். இவ்வளவையும் கேட்ட பின் தந்தையும் மகளும் ஒரு முடிவுக்கு வரலாம். முன்கண்ணாடிக்கு ஒட்டியதே தெரியாத தெளிவான வெப்பத் தடுப்புத் தாள். முன்சன்னல் இரண்டுக்கும் கண்ணாடியோடு சேர்த்து 50க்குக் குறையாத தாள். அக்காள் பிள்ளை அமரும் பின்னிருக்கைக்கு மிதமான கறுப்பு. கைப்பை பின்புறப் பொருள் வைப்பிடத்தில்.

"என்னப்பா, இப்போ திருப்தியா?"

"எனக்குத் திருப்தி இருக்கட்டும்மா. கடைக்காரன் அளந்து காட்டின எண்ணை ரசீதுல எழுதி வாங்கினியா?"

லாரி ஓட்டிய மனிதர் அப்படித்தான் கேட்பார்.

வெயிலுக்கு நிழல் தேடுவது தவறன்று. இந்த வெப்ப மண்டலத்தில் அது தேவையும்கூட. ஆனால் நிழல் வேறு, திரை வேறு. நிழல் வெப்பத்தைத் தடுக்கும். திரை பார்வையைத் தடுக்கும். வெப்பத்தைத் தடுத்துப் பார்வையை விட்டுவைக்கும் தாள் கடையில் இருக்கும்போது, பார்வையைத் தடுத்து வெப்பத்தை விட்டுவைக்கும் தாளுக்குப் பணம் கொடுப்பானேன்? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியது போல என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். காரின் அழகுக்காகக் கண்ணின் வெளிச்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சாலையில் அந்த வெளிச்சத்தை நம்பி நடப்பவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள்.